இறங்கல் இயல்

பாடாலூர் நால்ரோட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் ஊட்டத்தூர். பாறை படித்தவர்களுக்கு அது கோயில் ஊர் மட்டுமல்ல. 1860-களில் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்றாக வகுத்தார். அந்த வகுப்பு இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. வகைப்பாட்டுக்கு இவ்வளவு ராசியான மண்ணிலிருந்து, பல நாள் மலை சைக்கிள் பந்தயத்துக்கு ஓர் இலக்கணம் பிறப்பதில் தவறில்லை.

இத்துறைப் புலவர்கள் எல்லோரும் ஏறுதலையே ஆராய்ந்தார்கள்: எந்த கியர், எவ்வளவு மூச்சு, எத்தனை மீட்டர் ஏற்றம். அது பொருந்தாது. தார் ரோட்டில் ஓட்டுகிறவன் ஓட்டத்தால் அறியப்படுவான். காட்டில் ஓட்டுகிறவன் சைக்கிளை விட்டு இறங்குவதால் அறியப்படுவான். சைக்கிளோடு முடிவுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதே விதி, சைக்கிளின் மேல் உட்கார்ந்து தாண்ட வேண்டும் என்றில்லை. ஆகவே சூத்திரம்:

இறங்கல் தன்வினை பிறவினை என்றிரு வகைத்தே.

தன்வினையாவது, இனி மிதிக்க முடியாது என்று ஒருவன் தானே முடிவு செய்து இறங்குவது. அதிலும் உருட்டல், சுமத்தல் என்று இரண்டு. உருட்டலுக்குப் பச்சைமலை ஒற்றையடிப் பாதை ஒன்றே போதும். நீலகிரியில் 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் தார் ரோட்டுப் பயணம் என்பதால் நமக்கு அரைச் சான்றுதான். ஆனாலும் கல்லட்டி ஏற்றத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தள்ளுவது யாருக்கும் இழுக்கல்ல. சுமத்தலுக்கு நேபாளத்து யாக் அட்டாக் பந்தயத்தைக் காண்க. அங்கே 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயில் பனிக்குள் சைக்கிள்தான் மனிதன் மேல் ஏறி வருகிறது. செட்டிகுளத்து தண்டாயுதபாணி கையில் கரும்பை வைத்திருப்பதுபோல் இவர்கள் தோளில் சைக்கிளை வைத்திருக்கிறார்கள்; முகத்தில்தான் அந்த அருள் இல்லை.

பிறவினை விரிவானது. முதலில் முள். நெருஞ்சி தரையோடு கிடந்து கீழிருந்து குத்தும். சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட கிளையாக வழியில் கிடந்து எங்கிருந்தும் குத்தும். நெருஞ்சி சிறிய ஓட்டை போடும். இப்போதைய பந்தய டயர்களில் டியூப் இல்லை, உள்ளே பால் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. ஓட்டை விழுந்த இடத்தில் அது கசிந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும், ஓட்டுபவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இது அறியாமல் நேர்ந்து அறியாமலே நீங்கும் பஞ்சர். நம் நூலில் இதற்கு இடமில்லை, இறங்காததால். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் அந்தப் பால் பீய்ச்சி அடித்துத் தீர்ந்துவிடும். பிறகு ஒட்டுப்போட்டு, பம்பை எடுத்து, வெயிலில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஆலத்தூர் வட்டத்துக் காரை கிராமத்தைச் சொல்லாமல் விட்டால் நூல் குறைபடும். அங்கே மண் மழையால் அரிந்து அரிந்து ஆயிரம் ஓடைகளாய்ப் பிளந்து கிடக்கிறது. களிமண்ணுக்குள் ஜிப்சக் கீற்றுகள், அவற்றோடு பெலம்னைட்டுகள். இவை கணவாய் மீனின் பழைய உறவுக்காரரின் உள்ளோடு கல்லானவை, துப்பாக்கிக் குண்டுபோல ஒரு முனை கூர்ந்தவை. இங்கே ஒரு டயர் கிழிந்தால், கிழித்தவர் ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் செத்துப்போனவர் என்று நடுவரிடம் முறையிடலாம். நேரம் கழித்துத் தரமாட்டார்கள்.

அடுத்தது கரிசல். ஐப்பசி மழையில் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் சக்கரம் விட்டால் பத்தடிக்குள் மண் டயரோடும் ஃபோர்க்கோடும் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. உருட்டலும் இல்லை, ஓட்டமும் இல்லை. மறுபடி சுமத்தல், ஆனால் இப்போது வண்டியின் எடையோடு வயலின் எடையும். தன்வினையும் பிறவினையும் இங்கே கலந்துவிடுகின்றன. விழுதலும் பிறவினையே, ஆனால் அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, கூட்டாளி. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் இருவர் குழுவுக்கான எட்டு நாள் பந்தயம். இருவருக்கும் இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் தண்டனை. வலியவன் மேட்டில் இறங்கி நின்று காத்திருக்கும் அந்த முகபாவத்தைத் திருமணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான்காவது, கெடு: குறித்த நேரத்துக்குள் வராதவனை அமைப்பாளரே இறக்கிவிடுவார். இமாசலத்தில் 2005-இல் சிம்லாவை மையமாக வைத்துத் தொடங்கிய எம்டிபி ஹிமாலயாவுக்குப் போனவர்களுக்கு மேடு பாதி பயம், கடிகாரம் மீதி பயம்.

இனி ஐயம் அறுத்தல். நான்காம் நாள் காலையில் சிலர் சீட்டில் உட்கார மாட்டார்கள். தொடையிடுக்குப் புண்ணாகியிருக்கும்; களிம்பு பூசியும் கேட்காது. பெடல் மேல் நின்றபடியே நாள் முழுக்கப் போவார்கள். இது ஏறலா, இறங்கலா? இடைநிலை என்பதே நம் கருத்து. உட்கார்ந்தவனையே ஏறியவனாகக் கொள்ள வேண்டும் என்பாரும் உளர்; அவர்கள் நான்காம் நாளைக் காணாதவர்.

இதைவிடக் கடினமானது ஒன்றுண்டு. பந்தயக் காலணியின் அடியில் ஓர் உலோகத் துண்டு பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். களைத்தவன் முடிவுக்கோட்டைத் தாண்டிப் பிரேக் பிடித்து நிற்பான், திருப்ப மறப்பான், மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து சைக்கிளோடு தரையில் படுப்பான். கால் இன்னும் பெடலில்தான் இருக்கிறது. தள்ளியவர் எவருமில்லை என்பதால் தன்வினை என்று ஒரு சாரார். அவன் இறங்கவே இல்லை, ஆகவே இந்த இயலில் அவனைச் சேர்க்கக்கூடாது என்று மற்றொரு சாரார். இரு தரப்பும் வாதிட்டு முடிக்கும் வரை அவனை யாராவது தூக்கிவிட்டால் நல்லது.