பானட்டைத் தொட்டுப் பார்க்கும் மாமா

தை பிறந்து, மக்காச்சோளம் எடை போட்டு, காசு கைக்கு வந்துவிட்டால் குன்னம் பக்கத்தில் இரண்டு பேருக்குக் கிராக்கி. ஒருவர் பெண் பார்த்துக் கொடுக்கும் தரகர். இன்னொருவர் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்துக் கொடுக்கும் மாமா. தரகராவது ஜாதகத்தைப் புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மாமாவுக்குக் காது போதும்.

மாமா மெக்கானிக் இல்லை. அரியலூர் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடித்த லாரியில் கிளீனராக இருந்தவர். எத்தனை நாள் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் மரியாதையாக இருக்காது. 2022-ல் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. போக்குவரத்துத் துறை அமைச்சரானபோது, துறையே தன் மேற்பார்வைக்கு வந்துவிட்டது போல ஒரு மாதம் விறைப்பாக நடந்தார்.

போன தையில் என் மச்சான் ஒரு 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசலில் மனதைப் பறிகொடுத்தான். இன்ஜின் இறக்கி வேலை பார்த்த வண்டி. அது போதாதென்று, சக்தியைக் கூட்ட இன்ஜினின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் வேறு. விற்பவர் மூச்சுவிடாமல் அடுக்கினார்: "பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசுண்ணே. கம்பெனி குடுத்தது எழுபத்தஞ்சு குதிரை, இப்ப நூத்திப்பத்து!"

மாமா நிதானமாகக் கேட்டார்: "மிச்ச முப்பத்தஞ்சு குதிரைக்குத் தீனி யாரு போடுறது?"

பேச்சு விளையாட்டாக இருந்தாலும் விஷயம் உண்டு. அந்த 1,248 சி.சி. இன்ஜின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனி வண்டிகளிலும் ஓடியதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம், வேலை தெரிந்த கைகளும் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய எழுபத்தைந்து குதிரைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. புதிதாக வந்த குதிரைகளைப் பற்றி அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாமா சாவியைக் கேட்கவில்லை. நேராகப் போய் பானட்டின் மேல், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்தார்.

"ஏன் தம்பி சுடுது?"

"இப்பத்தாண்ணே டீசல் போட்டுட்டு வந்தேன்."

"அப்ப ஆறட்டும்." வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. வடை வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. காசு மச்சானுடையது.

சூடான இன்ஜின் பொய் சொல்லும் என்பது மாமாவின் கட்சி. தேய்மானத்தின் சத்தம், ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்வது எல்லாம் ஆறின இன்ஜினில்தான் வெளியே வரும். காத்திருந்த நேரத்தில் சாத்தனூர் கல்மரத்துக்குத் தாவினார். "கல்லாப் போன மரம், அதுக்கே பன்னெண்டு கோடி வருஷம்னு கணக்கு வச்சிருக்கான். இந்த இன்ஜினை எப்ப இறக்குனேன்னு கேட்டா, போன வருஷமா, முந்துன வருஷமான்னு என்னையே கேக்குறான்!"

ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் சும்மா மேலே வைத்தார். லேசாக ஆடினால் பரவாயில்லை. டீசல் இன்ஜின் அப்படித்தான். இது கொதிக்கிற உலைமூடி மாதிரி தாளம் போட்டு, துள்ளிக் கீழே விழுந்தது. "பேக் கம்ப்ரஷன்" என்றார் மாமா, மரண அறிவிப்புத் தொனியில். ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே கசிவதுதான் அது. புது ரிங் போட்ட இன்ஜினில் இவ்வளவு வரக்கூடாது. சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் கூடுதல், ரீமேப்பின் கைங்கரியம். இந்த வண்டி இரண்டையும் கலந்து விட்டது.

மாமாவின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." வண்டி ஓடினால் முன்பாதி அவருடையது, படுத்தால் பின்பாதி. அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்பதைக் குன்னத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு முதல்முறையாக முடித்தார்.

"லேத் பில் எங்க? போர் எத்தனை ஓவர்சைஸ்? ஆர்.சி.யில இருக்குற இன்ஜின் நம்பர்தானா இது?"

மூன்றுக்கும் பதில் இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் பதிவான கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னதை நான் எடுத்துக்கொடுத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில், காதால் ஆகிற வேலைக்குக் கோர்ட்டு எதற்கு என்றிருந்தது.

"பில் இல்லாத இன்ஜினுக்கு, வேலை பாக்காத இன்ஜின் விலைதான் தம்பி." அறுபதாயிரம் குறைக்கச் சொன்னார். விற்பவர் ஐந்தாயிரத்துக்கு மேல் இறங்கவில்லை. மச்சான் முகம் தொங்கத் திரும்பினான்.

நீங்கள் வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் மாமாவை அனுப்பி வைக்கிறேன். இரண்டு டீ, ஒரு வடை ஆகும். விற்பவருக்கு மட்டும் முன்கூட்டியே போன் போட்டு வருகிற நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள்.