மியோகோ முறை

மார்ச் கடைசியில் ஜீரோ பள்ளத்தாக்கில் பீச் மரங்கள் பூத்து நிற்கும்போது அபதானி மக்களுக்கு மியோகோ திருவிழா வந்துவிடும். அருணாசலப் பிரதேசத்தில் 5,000 அடிக்கு மேலே, பைன் காடுகளுக்கு நடுவே நெல்லும் மீனும் ஒரே வயலில் வளரும் இடம் அது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் 1977 முதல் அருணாசலத்தில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ்நாட்டிலிருந்து அந்த மாநிலத்துக்கு ஆசிரியர்கள் பலர் போனது அப்படித்தான். 1990களில் நானும் போனேன்.

மியோகோவை எல்லா ஊரும் ஒரே ஆண்டில் நடத்துவதில்லை. ஹோங் ஒரு முறை, ஹரியும் புல்லாவும் ஒரு முறை, ஹிஜா, துத்தா, முடாங் தாகே, பாமின் மிச்சி சேர்ந்து ஒரு முறை. நடத்தும் ஊர் வீட்டைத் திறந்து வைக்கும், மற்ற ஊர்கள் விருந்துக்குப் போகும். தாத்தா காலத்து நட்பைப் பேரன் தொடர்வான். ஊருக்கு ஊர் பகை இருந்த நாளிலும் இந்த நட்பு அறுந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஹோங் நண்பர் அதிகாலை இருட்டில் என்னை அழைத்துப் போனார். கால் கட்டிய பன்றிகள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் ஒவ்வொன்றின் மேலும் அரிசி மாவைத் தூவி, சுரைக்குடுக்கையிலிருந்து அரிசிக் கள்ளை ஊற்றினார்கள். நிபு என்ற பூசாரி நிறுத்தாமல் ஓதிக்கொண்டிருந்தார். குலத்தின் முன்னோர், அவர்கள் வந்த வழி, தெய்வங்கள் என எல்லாம் அந்த ஓதலில் இருந்தன. கையில் ஏடு இல்லை, தாள் இல்லை. கேட்டுக் கேட்டே படித்தது. வீட்டு வாசல்களில் பாபோ என்னும் நெடுங்கம்பங்கள் நின்றன. தன் இளமையில் அதில் பிரம்புக் கயிறு கட்டி ஏறித் துள்ளி விளையாடியதை நண்பரின் அப்பா கையை வீசிக் காட்டினார்.

தார்ச்சாலையும் டி.வி.யும் தேவாலயமும் வந்தபின் இந்த விருந்து நிலைக்காது என்று அப்போது ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். சமீபத்தில் ஹோங்கின் முறைக்கு மறுபடி போனேன். வயல் வரப்பில் நடந்து வந்த விருந்தாளிகள் இப்போது காரில் வருகிறார்கள். ஊருக்குள் நுழையவே அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. இட்டாநகரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டு வந்திருந்தார்கள். கிறிஸ்தவராகிவிட்ட நண்பரின் தம்பி பலியிடும் இடத்துக்கு வரவில்லை. ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் புகையில் உலர்த்திய பன்றிக்கறியை நறுக்கித் தந்தது அவர்தான். அதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது.

வெளியூர்க் கேமராக்களைத்தான் தாங்க முடியவில்லை. அபதானிப் பெண்கள் முகத்தில் பச்சை குத்துவதும் மூக்கில் தக்கை அணிவதும் 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயின. அந்த அடையாளம் இன்று மூதாட்டிகளிடம் மட்டுமே இருக்கிறது. சடங்குக்கு வந்த கிழவியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டுகிறார்கள். அவர் திரும்பிக்கொண்டால் அந்தப் பக்கமும் போகிறார்கள். இது அநாகரிகம்.

விருந்து போய்விடும், ஓதல் நிலைக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். விருந்து பெருகியிருக்கிறது, ஓதத்தான் ஆள் குறைந்திருக்கிறது. சூரியனையும் சந்திரனையும் போற்றும் தோன்யி-போலோ நம்பிக்கையைக் காக்க மேதர் நெல்லோ என்ற வழிபாட்டுக் கூடங்கள் எழுந்துள்ளன. அங்கே அச்சடித்த பிரார்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த முயற்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் ஓர் இரவு முழுக்க நிபு ஓதுவதை எந்தப் புத்தகமும் ஈடுகட்டாது. இந்த முறை ஓதிய முதியவரின் பக்கத்தில் ஒரே ஒரு பையன் உட்கார்ந்து உதடசைத்துக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பாம்.

"இவனுக்குப் பள்ளியில் லீவு தருவார்களா?" என்று கேட்டேன்.

"மூணு நாள் கேட்டோம், ஒரு நாள் கிடைச்சது, சார்" என்றார் நண்பர்.

விளையாட்டுப் போட்டிக்கு வாரக்கணக்கில் மாணவர்களை அனுப்புகிறோமே, நிபுவிடம் படிக்கும் பிள்ளைக்கு மியோகோ மாதத்தில் வருகைப்பதிவு கொடுத்தால் என்ன? மறுநாள் நண்பரும் நானும் அதையே மனுவாக எழுதி, ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம்.