பெட்டி வைத்தியம்

பென்னாகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டால், துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகவே வருகிறார்கள். நோய் என்னவென்பது வருகிறவரின் தொழிலைப் பொறுத்தது. டூவீலர் மெக்கானிக், "பேட்டரி வீக்குங்க சார்" என்றார். ஒயர்மேன் எர்த்தைச் சந்தேகித்தார். பாலக்கோட்டுச் சம்பந்தி தக்காளி வியாபாரி. "விலை இருந்தப்பவே தள்ளிவிட்டிருக்கணும் மாப்ளே" என்று பெருமூச்சு விட்டார்.

தள்ளிவிட முடியாத பெட்டி அது. பென்டியம் ஃபோர். 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிய விண்டோஸ் எக்ஸ்பி. யூனிகோடு நம் வீட்டுப் பக்கம் வராத காலத்தில் நான் அடித்த கட்டுரைகளெல்லாம் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அதற்குள் கிடக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் பேய் எழுதியதுபோல் வரும். (இதிலும் அப்படித்தான் இருக்கிறது என்பது என் மனைவியின் கருத்து.) 2012 மின்வெட்டையே தாங்கிய பெட்டி, மின்சாரம் ஒழுங்காக வரும் காலத்தில் பட்டனை அழுத்தினால் 'உம்' என்றுகூடச் சொல்லவில்லை.

மெக்கானிக் சொன்ன பேட்டரி உள்ளே இருப்பது உண்மைதான். ஒரு ரூபாய் நாணயம்போல, மூன்று வோல்ட். ஆனால் அது தீர்ந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குத் தேதிதான் மறக்கும். ஒயர்மேன் சுவரிலிருந்து தொடங்கினார், அதுதான் முறை. பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகினார், ஏறியது. பவர் கேபிளை மாற்றினார், பலனில்லை. பின்பக்கம் 230, 115 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் உண்டு. "இதை அந்தப் பக்கம் தள்ளிப் பார்க்கலாமா மாமா?" என்று அக்கா மகன் விரலை நீட்டினான். 115 அமெரிக்காக்காரனுக்கு. நம்மூர் மின்சாரத்தில் அதைத் தள்ளினால் தீபாவளிதான். விரலைப் பிடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

அடுத்து வந்தது ரப்பர் வைத்தியம். ரேமைப் பிடுங்கி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஊதிச் செருகுவது. தமிழ்நாட்டில் இந்த வைத்தியம் பார்க்காத கம்ப்யூட்டர் கிடையாது. ஃபேன் சுற்றி, பீப் பீப் என்று கத்தி, திரையில் ஒன்றும் வராவிட்டால் இது பலிக்கும். ஃபேனே சுற்றாத பெட்டிக்கு ரேமைத் தேய்ப்பது, ரப்பருக்குத்தான் தேய்மானம்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்தான் போயிருக்கும், சேலம் போய் வாங்கணும் என்று தீர்ப்பாகும் நேரத்தில், ஒயர்மேன் அதன் பெரிய கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தார். ஃபேன் சுற்றியது! அது நிரபராதி. போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்தார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்து எத்தனையோ போர்டுகளைக் காவு வாங்கின. எங்களுடையவை தட்டையாகவே இருந்தன. கனெக்டரைத் திரும்பச் செருகியதும் போர்டில் சின்ன பச்சை விளக்கும் எரிந்தது. பட்டனிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டார். எக்ஸ்பி வணக்கம் சொன்னது.

செத்தது கம்ப்யூட்டர் இல்லை, பட்டன்!

அந்தக் காலத்து கேபினெட்டுக்கு இப்போது பட்டன் யாரிடம் இருக்கிறது? "அழுத்தினா தொடணும், விட்டா விலகணும், அவ்வளவுதானுங்களே?" என்ற ஒயர்மேன், தன் பையிலிருந்து மணிப் படம் போட்ட காலிங் பெல் சுவிட்சை எடுத்தார். ஐந்து வோல்ட்டுக்கு மேல் போகாத இடம், ஷாக் அடிக்காது. மேஜை வாசலையொட்டி இருந்ததால், பழக்கதோஷத்தில் அதைக் கதவு நிலையிலேயே அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பட்டனை நான்கு விநாடி விடாமல் அழுத்தினால் கம்ப்யூட்டர் சட்டென்று அணையும்படி வைத்திருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர், யாராவது எட்டிப் பார்க்கும்வரை விரலை எடுப்பதில்லை.