கண் கட்டிய கதவும் கனம்பொருந்திய நிருவாகமும்

அனுப்புநர்: பாரிஸ் புறநகர் லா கூர்னெவ் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளக் கராஜில் ஒரு தரிப்பிடமும், அதற்குக் கட்டிய காசுக்கான பற்றுச்சீட்டுகளும் சொந்தமாக உடையவர்.

பெறுநர்: மேற்படி கட்டடத்தைப் பரிபாலிக்கும் சின்டிக் அலுவலகத்தார்.

பொருள்: கராஜ் கதவின் பாதுகாப்புச் சென்சரின் வாயை அடைத்தமைக்கு நன்றி நவிலல்.

கனம்பொருந்திய நிருவாகத்தீர்,

லிப்டுக்குள் தாங்கள் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கண்டு உளம் மகிழ்ந்தோம். கராஜ் கதவின் கோளாறு திருத்தப்பட்டுவிட்டதாம். எங்கள் பொறுமைக்கு நன்றியாம். பொறுமைக்கு எங்களிடம் குறைவில்லை. விடியப்புறக் குளிருக்குள் பிறிபெக்சர் அலுவலக வாசலில் வரிசை நின்று வதிவிடக் கார்த் எடுத்த சனம் நாங்கள். ஆனால் கோளாறு திருத்தப்பட்ட விதம் மிகப் புதுமையானது. அதை ஊரறியச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம் என்பதால் இந்த மடலைப் பகிரங்கமாகவே எழுதுகிறோம்.

விடயம் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் கதவின் இரு பக்கத் தூண்களிலும் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விடும். மற்றது அதை வாங்கும். கதிர் வந்து சேரும்வரை வாங்கும் பெட்டிக்குள் ஒரு மின்தொடுப்பு மூடியிருக்கும். இறங்குகிற கதவுக்குக் கீழே ஒரு காலோ, காரோ, பிள்ளை வண்டிலோ குறுக்கிட்டால் கதிர் அறும், தொடுப்புத் திறக்கும், கதவு நின்று மேலே திரும்பும். வயர் அறுந்தாலும், பெட்டிக்கு மின்சாரம் வராவிட்டாலும் அதே கதைதான். சந்தேகம் வந்தால் மூடாதே என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். நல்ல பிள்ளை. அதனால்தான் தங்களுக்கு அதைப் பிடிக்கவில்லை.

தாங்கள் அனுப்பிய தொழில்நுட்ப வித்தகர் வந்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அந்தத் தொடுப்பின் இரண்டு முனைகளையும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத வயர்த் துண்டால் இணைத்தார். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் சென்சர் உயிரோடு இருக்கிறதா என்று கட்டுப்பாட்டுப் போர்ட் தானாகச் சோதித்துப் பார்க்கும் வசதியையும் அணைத்துவிட்டார். பெட்டியின் மூடியை மட்டும் பூட்ட மறந்து போய்விட்டார். மின்வேலை தெரிந்த அயலவர் ஒருவர் பார்த்துச் சொல்லித்தான் தங்கள் சாதனை எங்களுக்குத் தெரியவந்தது. இனி அந்தப் போர்ட்டின் அறிவுக்கு எட்டியவரை எங்கள் வாசலில் எப்போதும் எவருமே இல்லை.

தானாகத் திறந்து மூடும் கதவு தமிழருக்குப் புதிதல்ல. வேதங்கள் பூசித்துத் தாழிட்டுப் போன திருமறைக்காட்டுக் கோயிற் கதவு, அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட மூடியது என்கிறது பெரியபுராணம். திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடவேண்டியிருந்தது. மூடச் சம்பந்தருக்கு முதற் பாட்டே போதுமாயிருந்தது. எங்கள் கராஜில் கணக்குத் தலைகீழ். திறக்க ரிமோட்டில் ஒரு விரல் போதும். மூடுவதற்குத்தான் பதிகம் பதிகமாகப் பாடினோம். பாதி இறங்கும், யாரோ நிற்பதாக எண்ணி மறுபடி ஏறும். அப்போது நாங்கள் பாடியவை எந்தத் திருமுறையிலும் சேராதவை, இங்கே எழுதமுடியாது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஓர் ஓதுவாரைச் சேர்த்திருந்தால் அவர் கதவின் மனத்தை இளக்கியிருப்பார். நிச்சயமாகக் கண்ணைக் கட்டியிருக்கமாட்டார். வந்துபோன செலவென்று தனியாக ஒரு பில்லும் எழுதியிருக்கமாட்டார்.

சரி, கதவு ஏன் அப்படி அடம்பிடித்தது? தங்கள் கோப்பில் அதற்கு விடை இராது, எனவே நாங்களே தருகிறோம். எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது. கதிரை வாங்கும் பெட்டி கிழக்குத் தூணில் மேற்கே பார்த்தபடி இருக்கிறது. மாலை வெயில் தாழ விழும் நாட்களில் சூரியன் நேரே அதன் கண்ணுக்குள் இறங்குகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அந்த வெள்ளத்தில் எதிர்ப்பக்கப் பெட்டி விடும் சிறு கதிர் மூழ்கிப்போகிறது. கதவோ யாரோ குறுக்கே நிற்கிறார் என்று நம்பித் திரும்புகிறது. மருந்து என்ன? இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றிவிடுவது. மேற்குத் தூணுக்குப் போனால் வாங்கும் பெட்டி கிழக்கே பார்க்கும். அங்கே காலை வெயிலைப் பக்கத்துக் கட்டடம் மறைத்துக்கொள்ளும். ஒரு பின்னேர வேலை.

மற்றவையும் மந்திரவாதம் அல்ல. இலையுதிர்காலத்து ஈரம் கண்ணாடியில் பனித்து நிற்கும். பெட்டிக்குள் சிலந்தி குடிவரும். வாடகை கேட்காத இடம் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். வளைத்துத் திருப்பும் வாகனம் ஏதாவது பம்பரால் தாங்கியை ஒரு தட்டுத் தட்டிவிட, கதிர் குறி தவறிப்போகும். இதற்கெல்லாம் ஒழுங்குமுறை உண்டு. முதலில் துணியால் துடைக்கவேண்டும். பிறகு வாங்கும் பெட்டியின் சிறு விளக்கைப் பார்த்துத் தாங்கியை நேராக்கி முறுக்கவேண்டும். அதன்பிறகு பெட்டிக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்து, வயரில் பச்சை பூத்திருக்கிறதா என்று தேடவேண்டும். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் மட்டும் புதுப் பெட்டி. தங்கள் வித்தகர் துணியில் தொடங்கவில்லை. நேராக வயர்த் துண்டுக்கு வந்துவிட்டார்.

இன்னொரு சிறப்பையும் குறிப்பிட மறந்தால் பாவம் சேரும். முழங்கால் உயரத்துக் கதிர் ஒரு கோட்டை மட்டுமே பார்க்கும். அதற்குக் கீழே தவழ்கிற பிள்ளையை அது காணாது. அதற்காகத்தான் கதவின் அடி விளிம்பில் கறுப்பு ரப்பர்ப் பட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் முனையில் 8.2 கிலோ ஓம் தடை. போர்ட் அந்த அளவை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். பட்டி எதிலாவது பட்டு அமுங்கினால் அளவு விழும். வயர் அறுந்தால் எக்கச்சக்கமாக ஏறும். இரண்டிலும் கதவு நிற்கவேண்டும். எங்கள் பட்டி கிழிந்து தொங்குகிறது. அதற்கு மாற்றுப் பட்டி வாங்காமல், அதே 8.2 கிலோ ஓம் தடையை எடுத்துப் போர்ட்டின் முனையிலேயே நேராகச் செருகியிருக்கிறார்கள். போர்ட்டுக்கு எல்லாம் சுகம். கதவுக்குக் கண்ணும் இல்லை, தோலும் இல்லை. மோட்டார் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.

ஐரோப்பியத் தரநிலை 12453 ஒரு தானியங்கிக் கதவு மனிதரை எவ்வளவு அழுத்தலாம் என்பதற்குக்கூட அளவு வைத்திருக்கிறது. மூடும் இடைவெளி 50 சென்ரிமீற்றருக்குள் வந்தபிறகு உச்சம் 400 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 கிலோ பாரம். அதுவும் முக்கால் செக்கனுக்குள் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிடவேண்டும். எங்கள் கதவு இந்தத் தரநிலையை வாசித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் கராஜ் கதவுகளுக்குக் கீழே அகப்பட்டு இறந்தபிறகு, 1990 இல் சட்டம் கொண்டுவந்து, 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வீட்டுக் கராஜ் மோட்டார்கள் யாவற்றுக்கும் கதிர்ச் சென்சரோ விளிம்புச் சென்சரோ வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

இந்தப் பிரெஞ்சுக் குடியரசோ அதற்கும் முந்திக்கொண்டது. 1989 ஜூன் 23 சட்டப்படி, குடியிருப்புகளின் தானியங்கிக் கராஜ் கதவு எந்த ஆண்டில் பூட்டப்பட்டதானாலும் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியே ஆகவேண்டும். 1990 ஜூலை 5 ஆணை எழுத்துமூலப் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, செய்த வேலையைப் பதிய ஒரு புத்தகம் என்று மீதியும் ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தை எங்கள் கண்ணில் காட்டுவீர்களா? அதில் "வயர்த் துண்டு போட்டேன்" என்று எழுதியிருக்கிறதா, அல்லது "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறதா என்று அறிய ஆவல்.

இதே பாரிசில் 14ஆம் இலக்க மெத்ரோ 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. 2012 முதல் 1ஆம் இலக்கமும் அப்படித்தான். கதவுகள் யாவும் மூடியதென்ற சான்று வராமல் ரயில் அசையாது. சான்று வரத் தாமதமாகிறதே என்று எவரும் அதற்கு வயர்த் துண்டு போட்டுவிடவில்லை. நாங்கள் 7ஆம் இலக்கத்தில் ஏறி ஸ்தாலின்கிராட்டில் மாறி லா சப்பலுக்குப் போய்வருகிற சனம். மெத்ரோவில் பாதுகாப்பாகப் போய், வீட்டு வாசலில் வந்து நசிபடுவானேன் என்பதுதான் எங்கள் சிறு ஐயம்.

சென்சரே இல்லாத நிருவாகம் என்று தங்களை எவரும் பழிக்கமுடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணப் பத்திரத்துக்கு ஒரு வீடு பிந்திவிட்டால் தங்கள் சென்சர் உடனே உணர்கிறது. அதற்கு வெயில் கூசுவதில்லை, சிலந்தி பிடிப்பதில்லை. நினைவூட்டல் கடிதம் பறந்து வருகிறது, அதற்கான செலவையும் சேர்த்துக்கொண்டு. அந்தச் சென்சருக்கு எவராவது ஒரு வயர்த் துண்டு போட்டுப் பார்க்கட்டுமே!

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசலாம் என்றீர்கள், பேசினோம். கதவை நிகழ்ச்சிநிரலின் கடைசியில், "பல்வேறு விடயங்கள்" என்ற தலைப்பின் கீழ் இருத்தியிருந்தீர்கள். நிரலில் முறைப்படி இடம்பெறாத எதிலும் கூட்டம் தீர்மானம் எடுக்கமுடியாது என்பது கூட்டுடைமைக் கட்டடங்களுக்கான 1967 ஆணை. ஆகவே அந்தத் தலைப்பின் கீழ் எதையும் பேசலாம், எதையும் முடிவெடுக்கமுடியாது. நடைபாதைச் சுவருக்கு எந்த வெள்ளை பூசுவது என்பதற்கு வாக்கெடுப்பு நடந்தது. கதவுக்குத் தலையாட்டல் கிடைத்தது.

இந்தக் கதவுக்குக் கீழால் யார் போகிறார்கள் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து தெரியாது. உணவகத்தில் சட்டி கழுவி முடித்து நள்ளிரவு தாண்டி வரும் தம்பிமார், நித்திரைத் தூக்கத்தில் காரை விட்டு இறங்கி, கதவு இறங்க இறங்கக் குனிந்து வெளியே வருகிறார்கள். லா சப்பலில் முருங்கைக்காயும் பொன்னாங்காணியும் வாங்கித் தள்ளுவண்டில் நிறைய இழுத்துவரும் அம்மாமார், லிப்டுக்குக் கிட்ட என்பதால் கராஜ் வழியாக வருகிறார்கள். ஸ்கூட்டரில் திரியும் பெடியளுக்கோ, மூடுகிற கதவுக்குக் கீழால் கடைசி நொடியில் பாய்வது ஒரு விளையாட்டு. நேற்றுவரை அந்த விளையாட்டில் கதவுதான் விட்டுக்கொடுத்தது. இனி அது விட்டுக்கொடுக்காது என்று பெடியளுக்கு யார் சொல்வது? லிப்டில் ஒட்டிய அறிவித்தலில் அது இல்லை.

ஆகவே எங்கள் பணிவான விண்ணப்பங்கள்:

1. அந்த வயர்த் துண்டை இன்றே கழற்றுங்கள். போர்ட்டில் செருகிய தடையையும் எடுங்கள்.

2. சென்சரும் பட்டியும் முறைப்படி வேலை செய்யும்வரை கதவைத் திறந்தபடி நிறுத்தி வையுங்கள். கார் களவு போனால் காப்புறுதிக்காரனோடு கதைத்துக்கொள்ளலாம்.

3. பெட்டிகளை இடம் மாற்றுங்கள், கிழிந்த பட்டியை மாற்றுங்கள், மூடும் விசையைக் கருவி வைத்து அளந்து காட்டுங்கள்.

4. பராமரிப்புப் புத்தகத்தைக் குடியிருப்பாளர் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

5. செய்யாத வேலைக்கு எழுதிய பில்லைத் திருப்பி எடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அறிவித்தல்களை இன்றுவரை முழுதாக வாசிக்கும் ஒரே குடியிருப்பாளர்.

பி.கு. அயலவர்களுக்கு: உங்கள் கட்டடத்துக் கதவையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அது மூடிக்கொண்டிருக்கும்போது எட்ட நின்று, ஒரு தும்புத்தடியைக் கதிருக்குக் குறுக்கே நீட்டுங்கள். கதவு உடனே நின்று திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சின்டிக்குக்குப் பதிவுத் தபாலில் எழுதி, கதவை அடுத்த கூட்டத்தின் நிரலில் தனி விடயமாகச் சேர்க்கக் கேளுங்கள். வீட்டு உரிமையாளர் எவரும் எந்த நாளிலும் அப்படிக் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது.