குளக்கரை வீட்டுக்குப் போற ஆத்தாமாருக்கு

வாங்க தாயிகளா, திண்ணையில உக்காருங்க. பதினோரு பேரு சேந்து சப்பானுக்குப் பூ வைக்கப் படிக்கப் போறீகளாமே? பூ வைக்கிறதுன்னதும் நான் கொண்டையிலன்னு நெனச்சேன். தட்டுலயாம்! சீலையம்பட்டி மார்க்கெட்டுக்கு நாப்பது வருசமா பூ கொண்டு போறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேக்காம டிக்கெட் போட்டுட்டீக. போகட்டும். கேக்காத புத்தியைச் சொல்லத்தான பெருசுகன்னு எங்களை வச்சிருக்கு.

சென்னையிலயே ஒஹாராங்கிற சப்பான் பூப் பள்ளிக்கு ஒரு கிளை இருக்குன்னு பேத்தி சொன்னா. ராத்திரி பஸ் ஏறுனா விடிய எறங்கிறலாம். ஆனா பாஸ்போர்ட்டுல சீல் விழுகாத வித்தைக்கு நம்ம ஊருல மதிப்பேது? நீங்க கியோட்டோவுக்கே போங்க.

அங்க ரொக்காக்குதோன்னு ஆறு மூலைக் கோயில் ஒண்ணு. அதோட பூசாரிமாரு குளத்தங்கரையில குடில் போட்டு இருந்தாகளாம். அதனால அவுக பேரே இக்கெனொபோ, அதாவது குளக்கரைக் குடில். நம்ம பக்கம் புளியமரத்து வீட்டுக்காரவுக, கெணத்தடி வீட்டுக்காரவுகன்னு சொல்றோம்ல, அந்தக் கணக்குத்தான். அந்த வீட்டு சென்கெய்ங்கிறவரு பூ வச்ச அழகைப் பாக்க ஊரே கூடுச்சுன்னு 1462லயே ஒரு சாமியாரு தன்னோட குறிப்புல எழுதி வச்சிருக்காரு. இங்க மாலை கட்டுனவன் பேரை எவன் எழுதினான்? போட்டவன் பேரைத்தான் பிளக்ஸ்ல அடிக்கான்.

தண்டைத் தண்ணிக்குள்ள முக்கி வச்சுக்கிட்டு வெட்டச் சொல்வாக. மிஸுகிரின்னு பேராம். காத்து ஏறாது, பூ சீக்கிரம் வாடாது. நல்ல வித்தைதான். அதுக்குன்னு, பென்னிகுயிக் துரை 1895ல அணையைக் கட்டி நம்ம பக்கம் திருப்பிவிட்ட தண்ணியில பாதியை வீட்டுக்கு வந்து தண்டு வெட்டவே செலவழிச்சிறாதீக. நெல்லுக்கும் கொஞ்சம் விடுங்க.

அப்புறம் கென்சான். ஈயக் கட்டை மேல பித்தளை ஊசி நெருக்கமா நட்டிருக்கும், அதுல தண்டைக் குத்தி நிப்பாட்டணும். கோயில்ல நேந்துக்கிட்டு ஆணிச் செருப்புல ஏறி நிக்காகள்ல, பூவுக்கும் அதே நேர்த்திக்கடன். வரும்போது எனக்கு ஒண்ணு வாங்கியாங்க, முதுகு சொறியத் தோதா இருக்கும்.

1927ல தெஷிகஹாரா சோஃபுன்னு ஒருத்தரு சொகெத்சுன்னு புதுப் பள்ளியே தொடங்கிட்டாரு. அந்தப் பள்ளியில எந்த எடத்துலயும், எதை வச்சும் பூ அலங்காரம் பண்ணலாமாம். காஞ்ச குச்சி, வளைஞ்ச கொடி, இரும்புத் துண்டு, எல்லாம் செல்லும். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துல கவாத்து பண்ணிப் போட்ட கொடியை நாம அடுப்புல வைக்கோம். அவுக அதையே தட்டுல வச்சு, எட்டி நின்னு, மூச்சை அடக்கிப் பாக்காக. உங்க வாத்தியாரம்மா அப்படி ஒரு கொடியை எடுத்து வைக்கும்போது, “இது எங்க வீட்டு வெறகுல்ல”ன்னு யாரும் வாயைத் திறக்காதீக.

முக்கியமான பாடம் மூணு கொப்புத்தான். ஒண்ணு வானம், ஒண்ணு மனுசன், ஒண்ணு பூமி. நெட்டையா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு. மிச்சமெல்லாம் வெத்தெடம். அந்த வெத்தெடமும் அலங்காரத்துல சேத்தியாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொங்கலுக்குக் காப்புக் கட்டுறோமே, அதுல என்ன இருக்கு? வேப்பிலை ஒரு கொப்பு, ஆவாரம்பூ ஒரு கொப்பு, பூளைப்பூ ஒரு கொப்பு. அதுவும் மூணுதான். மூணும் வேலியோரத்துலயும் தரிசுலயும் சும்மா கெடக்குறது. வாசல்ல சொருகிட்டு, கூட நாலு பூ வேணும்னு யாரும் கேக்குறதில்ல. வருசத்துல அந்த ஒரு நாளு நாமளும் குளக்கரை வீட்டுக்காரவுகதான். மத்த நாளு? கல்யாண மேடைன்னா வண்டி வண்டியா செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை. மாப்பிள்ளை மூஞ்சி மாலைக்குள்ள எங்க இருக்குன்னு போட்டோக்காரன் தேடுறான். மறுநா காலையில அம்புட்டும் குப்பையில.

அதனால போயி நல்லாப் படிங்க தாயி. எதை வைக்கிறதுங்கிறது நமக்கே தெரியும். எதை வைக்காம விடுறதுன்னு கத்துக்கிட்டு வாங்க.

வந்த பிற்பாடு மட்டும் ஒரு ஒத்தாசை பண்ணுங்க. படிச்சதை வீட்டுக்குள்ளயே வச்சுக்கங்க. மூணு கொப்புல கல்யாண மேடை முடிஞ்சிரும்னு ஊருக்குள்ள ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும், நான் முப்பது குழியில போட்டிருக்கிற செவ்வந்தியை மாடுதான் திங்கணும்.