மூன்று விலைப் புத்தகம்

பழைய தமிழ் காமிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் மூன்று விலை உண்டு. அட்டையில் அச்சடித்திருப்பது ஒன்று. இரண்டு ரூபாய், இரண்டரை ரூபாய் என்று அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். பழைய பேப்பர் கடைத் தராசு சொல்வது இரண்டாவது. அங்கே இரும்புக்கை மாயாவிக்கும் பிளஸ் டூ கணக்கு நோட்ஸுக்கும் கிலோ ஒரே ரேட்டுதான். மூன்றாவது விலையை யாரும் எங்கும் எழுதிவைப்பதில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருவர் அந்த அட்டையைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றி, அவர் சுதாரித்துக்கொண்டதும் மறைந்துவிடுவது அது. இரண்டாம் விலைக்கு வாங்கி, முதல் விலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மூன்றாம் விலைக்கு விற்பவருக்குப் பழைய காமிக்ஸ் வியாபாரி என்று பெயர். இவர் பிழைக்கத் தோதான இடம் காமிக்ஸ் திருவிழாவும் புத்தகக் கண்காட்சியும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கூட்டம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, மேசை போட்டு உட்கார்ந்தால் போதாதா என்கிறார்கள். போதாது. ஒரு காமிக்ஸ் வியாபாரி கெட்டுப்போக இதைவிட வசதியான இடம் கிடையாது என்பது என் கட்சி.

இந்தத் தொழிலின் லாபம் முழுக்க, ஒருவருக்குத் தெரிந்தது எதிரே நிற்பவருக்குத் தெரியாமல் இருப்பதில் நிற்கிறது. கழுகுமலையிலோ கோவில்பட்டியிலோ பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது பரணிலிருந்து ஒரு கட்டு இறங்குகிறது. வீட்டுக்காரருக்கு அது குப்பை. பழைய பேப்பர்காரருக்கு மூன்று கிலோ. கட்டின் நடுவே எழுபதுகளின் முத்து காமிக்ஸ் ஒன்று இருப்பது நம் வியாபாரிக்கு மட்டும் தெரிகிறது. தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருப்பதே அவர் போடும் முதல். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1977-ல் கொலராடோவில் எட்கர் சர்ச் என்பவரின் வீட்டைக் காலிசெய்த குடும்பத்தாருக்கு, அங்கே அடுக்கியிருந்த ஏறத்தாழ 18,000 காமிக்ஸ் வெறும் இடைஞ்சல். அவற்றை வாங்கிய மைல் ஹை காமிக்ஸ் கடைக்காரர் சக் ரோசான்ஸ்கிக்கோ, காமிக்ஸ் உலகம் இன்றளவும் பேர் சொல்லிப் பேசும் புதையல். டென்வர் பக்கத்து வறண்ட காற்றில் காகிதம் வெண்மை குலையாமல் இருந்ததாம். வறட்சியில் நம் கரிசல் பூமியும் யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் நம்மூர்க் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் வாசிப்புப் பழக்கம் அதிகம். அது போகட்டும். புதையல் கிடைப்பதெல்லாம் இப்படித் தெரியாதவர் வீட்டு வாசலில்தான். திருவிழா என்ன செய்கிறது? காமிக்ஸின் விலை தெரிந்த அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் திரட்டி, அவர்களுக்கு எதிரே நம் ஆளை உட்காரவைக்கிறது. அதற்கு அவரிடமே வாடகையும் வாங்கிக்கொள்கிறது.

தெரிந்தவர்களே நல்ல வாடிக்கையாளர்களாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒருவர் காமிக்ஸை எவ்வளவுக்கெவ்வளவு நேசிக்கிறாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவரிடம் ஏற்கெனவே இருக்கும். ராணி காமிக்ஸ் 1984-ல் தொடங்கி 500 இதழ்களோடு நின்றது. அதைத் தீவிரமாகச் சேர்ப்பவரிடம் 497 இருக்கும். மீதி மூன்றின் எண்களைச் சட்டைப்பையில் எழுதிவைத்திருப்பார். நம் வியாபாரி இரண்டு பெட்டி நிறையக் கொண்டுபோன 200 இதழ்களை ஒன்றுவிடாமல் புரட்டுவார். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கத்தில் எந்த வசனம் தப்பாக அச்சானது என்று சொல்வார். பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கு நடைபாதையை அடைத்துக்கொண்டு வகுப்பெடுப்பார். கடைசியில் அந்த மூன்றும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு நகர்வார். அந்த மூன்றில் ஒன்று தப்பித் தவறி நம்மவரிடம் இருந்துவிட்டாலும் விற்பனை ஒன்றுதான். ஆசை ஏற ஏற வாங்கும் அளவு குறையும் சரக்கு உலகத்தில் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை. எங்கள் கழுகுமலை வெட்டுவான் கோவிலை எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். மீதியைக் கொண்டா என்று இத்தனை காலத்தில் ஒருத்தரும் வந்து நிற்கவில்லை. அந்தப் பக்குவம் காமிக்ஸ் சேகரிப்பாளருக்கு வராது.

சேகரிப்பாளரை விடுத்து, வெறும் வாசகர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் புத்தகக் கண்காட்சியின் பழக்கம் இருக்கிறது. 1977-லிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சியும், இப்போது மாவட்டந்தோறும் நடப்பவையும், தமிழ் வாசகருக்கு ஒரு பாடத்தை அழுத்தமாகக் கற்பித்திருக்கின்றன: விலை அட்டையில் இருக்கும், அதில் பத்து சதவீதம் கழியும். ஆக இரண்டரை ரூபாய் என்று அச்சிட்ட இதழை எடுத்து, கால் ரூபாயைக் கழித்து, இரண்டே கால் ரூபாய்தானே அண்ணாச்சி என்று நீட்டுகிறவரும் உண்டு. முந்நூறு ரூபாய் என்று சொன்னால் முதலில் சிரிப்பார். வியாபாரி சிரிக்கவில்லை என்று கண்டதும், சரி, முந்நூறிலாவது பத்து சதவீதம் உண்டா என்பார். இரண்டாம் கேள்விக்கு வந்தவர் வாங்கக்கூடியவர். முதல் கேள்வியிலேயே நிற்பவர், வழிப்பறி என்று பக்கத்து ஸ்டாலில் போய்ச் சொல்லக்கூடியவர்.

பக்கத்து ஸ்டால் யாருடையது என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் கரிசல் பக்கத்துச் சிவகாசியில்தான் 1972-ல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அவர் மகன் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கி இன்றுவரை நடத்திவருகிறார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்த ஊர், பிரிட்டிஷ் மாயாவிக்கும் இத்தாலிய டெக்ஸ் வில்லருக்கும் தமிழ் பேசக் கொடுத்தது பெரிய காரியம். பழைய காமிக்ஸ் வியாபாரியின் மூலச்சரக்கே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் மூலச்சரக்கைத் தந்த கையே அதை மறுபதிப்பும் செய்கிறது. ‘இரத்தப் படலம்’ என்ற தொடரின் 18 பாகங்களை 2010-ல் லயன் ஒரே தடிமனான தொகுப்பாக 200 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. தீர்ந்துபோன பிறகு அதற்கு வியாபாரிகள் சொன்ன விலை ரசிகர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. 2018-ல் அதே கதை வண்ணத்தில் வந்தது. வாசகருக்குக் கொண்டாட்டம், கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பத்திரமாகப் பூட்டிவைத்திருந்தவருக்கு அது விலைவீழ்ச்சி. பருத்திக்கு விலை சரிந்தால் மறியல் செய்யலாம். மாயாவி மறுபதிப்பானதற்கு எந்த முக்கில் உட்கார்ந்து மறிப்பது?

பிரதியின் நிலைமையை வைத்து விலை சொல்லலாமே என்பது அடுத்த யோசனை. அமெரிக்காவில் 2000-த்தில் வந்த சி.ஜி.சி. என்ற நிறுவனம் காமிக்ஸை வாங்கிப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, இனி யாரும் படிக்க முடியாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பித் தருகிறது. 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற முதல் ஆக்‌ஷன் காமிக்ஸின் பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது இப்படி மதிப்பெண் வாங்கித்தான். நம் பிரதிகளை அங்கே அனுப்பினால் பரிசோதகருக்குத் தனியாக ஒரு தமிழ் அகராதி வேண்டும். அட்டை உண்டு, ஆனால் வேறு இதழின் அட்டை. கடைசிப் பக்கம் இல்லை. கொலைகாரன் யார் என்பதை உரிமையாளர் நினைவிலிருந்து பென்சிலில் எழுதியிருக்கிறார். பைண்டிங்காரர் வசன பலூனோடு சேர்த்து ஓரம் வெட்டியிருக்கிறார். முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு, ‘திருடாதே’ என்று ஓர் எச்சரிக்கை. நியூஸ்பிரிண்ட் பழுப்பேறி, பின் துருப்பிடித்து, கதாநாயகிக்கு மீசை முளைத்திருக்கும். இதற்குப் பத்துக்கு எத்தனை போடுவது? நான் கேட்டால் மீசைக்குக் கூடுதலாகத்தான் போடுவேன். ஆனால் வாங்குபவர் குறைக்கச் சொல்வார், அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

ஏலத்தில் 60 லட்சம் டாலர் வருமென்றால், விவரம் தெரிந்தவர்கள் கூடுவதால் விலை ஏறத்தானே செய்யும் என்று இந்த இடத்தில் யாராவது மடக்கலாம். நல்ல கேள்வி. அங்கே ஏலம் கேட்பவர்கள் ஒருவரையொருவர் அறியாத பணக்காரர்கள். ஒருவன் கை தூக்கினால் இன்னொருவனுக்கு மானப்பிரச்சினை. தமிழில் பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் காலை வணக்கம் சொல்லிக்கொள்பவர்கள். ‘சேலத்து அண்ணனுக்கு அந்த இதழ் வேண்டுமாம், நாம் விட்டுக்கொடுத்துவிடுவோம்’ என்று பேசி முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். பண்பான மனிதர்கள், வாழ்க. ஆனால் பண்பு நிறைந்த சபையில் ஏலம் எப்படி ஏறும்?

சரி, பெரிய கூட்டத்துக்குப் போகலாம். டெல்லியில் 2011-ல் தொடங்கிய இந்தியக் காமிக் கான், 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. வாலிபக் கூட்டம் அலைமோதத்தான் செய்கிறது. நருட்டோ வேஷத்தில் ஒருவர், ஸ்பைடர்மேன் உடையில் வியர்த்து வடியும் இன்னொருவர். வாங்குகிறார்கள், தாராளமாக வாங்குகிறார்கள்: டி-ஷர்ட், பொம்மை, போஸ்டர். நுழைவுச்சீட்டுக்கே கணிசமாகக் கொடுத்துவிட்டு வருபவர், தான் பிறப்பதற்கு முன் வந்த ராணி காமிக்ஸுக்கு எதற்காகப் பணத்தை எடுக்க வேண்டும்? சின்ன வயதில் தொலைத்ததைத் தேடுகிறவருக்குத்தான் மூன்றாம் விலை தோன்றும். இவர்கள் இன்னும் எதையும் தொலைக்கவில்லை. இது சென்னையின் குறை என்று நினைக்க வேண்டாம். 1970-ல் சுமார் 300 பேரோடு தொடங்கிய சான் டியாகோ காமிக் கானுக்கு இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் வருகிறார்கள். அங்கே 44 ஆண்டுகள் விடாமல் கடை போட்ட அதே மைல் ஹை காமிக்ஸ், கட்டுப்படியாகாத செலவையும் கடைக்கு வராத கூட்டத்தையும் காட்டி 2017-ல் விலகிக்கொண்டது. புதையல் எடுத்தவருக்கே இந்தக் கதி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, நல்லா வேணும், இரண்டரை ரூபாய்ப் புத்தகத்தை முந்நூறுக்கு விற்கிறவனுக்கு இரக்கம் எதற்கு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் புத்தகம் வியாபாரியிடம் வராவிட்டால் அவர்களிடம் வந்திருக்காது. கோவில்பட்டியில் யாரோ நாலு பேர் வறுத்த கடலை தின்று முடித்துக் கசக்கி எறிந்திருப்பார்கள், மாயாவியின் இரும்புக் கையைப் பொட்டலத்தின் உள்பக்கம் வைத்து. பொட்டலம் ஆகாமல் தடுத்ததற்கான கூலிதான் அந்த முந்நூறு. கூலி கொஞ்சம் அதிகம் என்றால் பேரம் பேசலாம். கொள்ளை என்று சொல்லக் கூடாது.

பேரம் என்றதும் எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையும், நம் பக்கத்து மாட்டுத் தாவணிகளும் நினைவுக்கு வருகின்றன. விலை அச்சடிக்காத உயிர்ச் சரக்கை, விவரம் தெரிந்தவர்களே கூடி, காலங்காலமாக எப்படி விற்றுவந்தார்கள்? மாட்டுத் தரகர் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு எண்ணும் தெரியாது. முகம் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். காமிக்ஸ் திருவிழா கமிட்டிக்காரர்கள் மேசைக்கு ஒரு துண்டு கொடுத்தால் நான் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி தீரும். வழிப்பறி என்று கூவ முடியாது. எவ்வளவுக்குப் போனது என்று வாட்ஸ்ஆப் குழுவுக்குத் தெரியாது. அட்டை விலைக்கே ரசீது போடுங்கள், வீட்டில் பார்ப்பார்கள் என்று கெஞ்சுகிறவர்களுக்கும் மரியாதை மிஞ்சும். ஒரே ஒரு சிக்கல். பேரம் துண்டுக்குள் முடிந்தாலும் பணம் போனில்தான் வரும். மேசை மேலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, முந்நூறு ரூபாய் பெறப்பட்டது என்று மண்டபத்துக்கே கேட்கும்படி அறிவித்துவிடும். அதனால் துண்டோடு சேர்த்து, ‘ரொக்கம் மட்டும்’ என்று ஓர் அட்டையும், மண்டப வாசலில் பணம் தீராத ஒரு ஏடிஎம்மும் வேண்டியிருக்கும்.