பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா: வீட்டுத் திரையரங்கக் கணினியின் பூட்டவிழ்ப்பு மார்க்கங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

டிவிக்குக் கீழே, செட்டாப் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழுக் கணினியை ஒளித்துவைத்து, பார்த்தால் அதில்தான் படம் பார்ப்பேன் என்று விரதம் பூண்டவர்கள் ஹெச்டிபிசிக்காரர் எனப்படுவர். தொகையில் சிறியர், தர்க்கத்தில் பெரியர். ஃபேன் சத்தம், ரிமோட், கேபினெட்டின் உயரம் என இவர்கள் முட்டிக்கொள்ளும் களங்கள் பல. அவற்றுள் தலையாயது, பூட்டுப் போட்டு வரும் படத்தைத் திறக்கும் வேலையை வன்பொருளிடம் ஒப்படைப்பதா, மென்பொருளிடம் ஒப்படைப்பதா என்பது. அறிஞர் உலகம் இதை இன்னும் கண்டுகொள்ளாததால் அப்பணி என் தலையில் விழுந்தது.

ஆராய்ச்சிக்கு வேண்டிய சட்டகம் வைணவத்திலேயே தயாராக இருக்கிறது. குரங்குக்குட்டி தன் முயற்சியால் தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். மென்பொருள் கட்சியினர் குரங்கு மரபினர். பிராசஸரின் சொந்த உழைப்பில் கரையேறப் பார்ப்பவர்கள். வன்பொருள் கட்சியினர் பூனை மரபினர், சிப்பைச் சரணடைந்தவர்கள். இந்த ஒப்புமையால் எந்தக் கலையார் மனமும் நோகாதிருக்கட்டும். இரு பக்கமும் எனக்குச் சம்பந்திகள் உண்டு.

இனி வரலாறு. 1990களின் பிற்பகுதியில் டிவிடி வந்தபோது அன்றைய பென்டியம் கணினிகள் அதை ஓட்ட முடியாமல் மூச்சுவாங்கின. சிக்மா டிசைன்ஸின் ஹாலிவுட் பிளஸ் போன்ற அட்டையை வாங்கிச் செருகினால்தான் படம் சீராக ஓடும். பூனை மரபின் பொற்காலம் அது. பிராசஸர்கள் வேகம் பிடித்ததும் மென்பொருள் பிளேயர்கள் பெருகின. வினையும் அவற்றோடு வந்தது. டிவிடியின் சிஎஸ்எஸ் பூட்டுக்கு 40 பிட் சாவி. ஜிங் என்ற பிளேயர் தன் சாவியைச் சரியாக மறைத்துவைக்கவில்லை. அந்த ஓட்டை வழியே 1999-ல் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளிவந்தது. அதற்காக வழக்கில் சிக்கிய நார்வே இளைஞர் ஜான் லெக் யோஹான்சன் 2003-ல் இரண்டு நீதிமன்றங்களில் விடுதலையானார். இன்று விஎல்சி பிளேயரோடு சேர்ந்து வேலை செய்யும் லிப்டிவிடிசிஎஸ்எஸ், சாவியே இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும்.

டிவிடி டிரைவுக்குள்ளும் ஒரு பூனை குடியிருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த டிவிடியைப் பார்க்க டிரைவின் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் 5 முறைதான். அதன்பின் கடைசியாக எந்த மண்டலத்தில் நின்றதோ அதுவே அந்த டிரைவின் நிரந்தரக் குடியுரிமை. மாமாவும் சிங்கப்பூர்ச் சித்தியும் மாறி மாறி வந்துபோகும் வீடுகளில் டிரைவுகள் எவ்வளவு சீக்கிரம் அமெரிக்கராகியிருக்கும் என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.

ஐரோப்பாவில் இதே சண்டை சாட்டிலைட் டிவியில் நடந்தது. ஸ்மார்ட் கார்டு தரும் சாவி பத்து நொடிக்கு ஒருமுறை போல மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத் திறக்கும் வேலையை டியூனர் அட்டையின் துளையில் செருகிய கேம் என்ற வில்லை செய்யலாம், கணினியின் பிராசஸரும் செய்யலாம். எதுவானாலும் கடைசியில் தெரிந்தது ஒரே கால்பந்து ஆட்டம்தான்.

பூனைக் கட்சியின் பிரதான வாதம், பிராசஸருக்குச் சுமை குறையும் என்பது. பூர்வபட்சம் என்ற முறையில் இதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மறுக்கிறேன். 4கே ப்ளூரே தட்டு ஒன்றின் அதிகபட்சக் கொள்ளளவு 100 ஜிபி. அதற்கான ஏஇஎஸ் பூட்டைத் திறக்க, 2010 முதலே இன்டெல் பிராசஸர்களில் தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றின் துணையோடு ஒரே ஒரு கோர் நொடிக்கு 1 ஜிபிக்கு மேல் திறந்து தள்ளும். முழுத் தட்டுக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. படமோ இரண்டரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிராசஸர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் வியர்க்கவைப்பது, சுருக்கி வைத்த காட்சியை விரிக்கும் டீகோடிங். அது வேறு வேலை. அதை கிராஃபிக்ஸ் அட்டை பார்த்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போட்டவர்கள் இரு கட்சியிலும் உண்டு. மேலும், அந்தக் கட்டளைகளே சிலிக்கானில் பொறித்தவை என்பதால், குரங்குக்குட்டி பிடித்திருப்பதும் ஒரு பூனையின் வயிற்றைத்தான்.

சுமை இல்லை என்றால் சண்டை எதற்கு? சந்தேகத்திற்கு. மென்பொருளில் சாவி இருந்தால் கணினிக்குச் சொந்தக்காரர் தோண்டி எடுத்துவிடுவார் என்று ஜிங் விவகாரத்தில் ஸ்டுடியோக்கள் பாடம் படித்துவிட்டன. சிப்புக்குள் இருந்தால் அவருக்கும் தெரியாது. இவ்வாராய்ச்சியின் கண்டுபிடிப்பும் இதுவே: வன்பொருள் மார்க்கத்தில் பூட்டப்படுவது படமல்ல, காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்காரர்.

கூகிளின் வைட்வைன் பூட்டில் இது பச்சையாகத் தெரியும். எல்1 என்றால் சாவி சிப்பின் பாதுகாப்பறையில். எல்3 என்றால் மென்பொருளில். சில ஆயிரம் ரூபாய் டிவி ஸ்டிக் எல்1 வாங்கிக்கொண்டு 4கே காட்டும். லட்ச ரூபாய்க் கணினியில் குரோமைத் திறந்தால் எல்3. நெட்ஃபிளிக்ஸ் அதற்கு நெடுங்காலம் 720பி-க்கு மேல் அளக்கவில்லை. வாசற்படியில் இன்னொரு காவல், ஹெச்டிசிபி. கணினிக்கும் டிவிக்கும் நடுவே பழைய ஏவி ரிசீவர் ஒன்று இருந்து, அதற்கு 2.2 பதிப்பு தெரியாவிட்டால், திரை கறுக்கும், மினுக்கும், மறுபடி கறுக்கும். சோபாவிலிருந்து, “ஏன்டா, படம் போட்டியா, கரண்ட் போச்சா?” என்று பாட்டி கேட்பார். ஹெச்டிசிபியின் பழைய பதிப்புக்கான மூலச் சாவி 2010-லேயே வெளியாகிவிட்டது என்பதைப் பாட்டியிடம் சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது மார்க்கம் ஒன்றுண்டு: பூட்டை ஒரேயடியாக உடைத்து ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொள்வது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்ந்த, பூட்டுடைப்புக்குத் தண்டனை சொல்லும் 65ஏ பிரிவை வாசித்துவிட்டு, இதைப் பற்றி மேலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பூனை மார்க்கத்தின் உச்சம் 4கே ப்ளூரே. அதைக் கணினியில் முறைப்படி ஓட்ட, பிராசஸருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற இரகசிய அறை வேண்டும். இன்டெல்லின் 7-ஆம் தலைமுறை முதல் அதை நம்பிப் பலரும் இறங்கினார்கள். தாய்ப்பூனை நடுவழியில் வாயைத் திறந்துவிட்டால் குட்டியின் கதி என்ன என்று எந்த ஆசாரியரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. 2021-ல் வந்த 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் இன்டெல் அந்த அறையையே எடுத்துவிட்டது. பவர்டிவிடி பிளேயரைச் செய்யும் சைபர்லிங்க், 7 முதல் 10 வரையிலான தலைமுறையையே வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் 11-க்குப் போகாமலிருப்பதையும் யோசியுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதியது.

ஆகவே சென்னை ரிச்சி தெருவில், “சார், 12-ஆம் ஜெனரேஷன் இருக்கு, சீல் பிரிக்காத பீஸ்” என்று கடைக்காரர் நீட்டும்போது, “வேணாம்ணே, பழைய எட்டு இருந்தா குடுங்க, போர்டோட. பயாஸ்ல எஸ்ஜிஎக்ஸ் வருதான்னு போட்டுக் காட்டணும்” என்று ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றால் அவரைப் பித்தர் என்று எண்ண வேண்டாம். கடைக்காரர் அப்படித்தான் எண்ணுவார். எண்ணிவிட்டு, தூசி தட்டி எடுத்த போர்டுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகவும் சொல்லுவார்.